அரை மில்லிமீட்டருக்குள்

சத்துவாச்சாரி ஷெட்டில்
இன்ஜின் இல்லாத கார் ஒன்று
ஏழு மாதமாக நிற்கிறது.
ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுகிறவர்கள்
இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆம்பூர் தோல் ஏற்றுமதிக்காரர் விற்றது.
டிக்கியைத் திறந்தால் இன்னும்
பதனிட்ட ஆட்டுத்தோல் வாடை.
நாலு சிலிண்டர், ஒரு சின்ன டர்போ,
மூன்றாவது கனெக்டிங் ராடு வளைந்திருந்தது.
"எவனோ பூஸ்ட்டை ஏத்திட்டு
மத்ததையெல்லாம் மறந்துட்டான்" என்றான் ஜுனைத்
ராடைக் கண்ணாடிமேல் வைத்து ஆட்டிக் காட்டி.

அதே ஜுனைத்துக்குத்தான் பெரிய டர்போ வேண்டும்.
நள்ளிரவில் படம் அனுப்புகிறான்:
நத்தை ஓடுபோல் சுருண்ட அலுமினியம்.
முந்நூறு குதிரை அக்கா, முந்நூறு.
அந்த நத்தை
நாலாயிரம் ஆர்பிஎம் வரை தூங்கும் தம்பி.
காட்பாடி பாலத்தில், பஸ்களுக்குப் பின்னால்,
நாலாயிரத்தை எங்கே போய்த் தேட?

பகலில் எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
பொட்டாசியம் 6.1 என்று மெஷின் சொன்னால்
முதலில் நோயாளியைச் சந்தேகப்பட மாட்டேன்.
ஊசியை, குழாயை,
சாம்பிள் வழியில் காத்துக்கிடந்த நேரத்தை.
அதே புத்தியோடுதான் இந்த விலைப்பட்டியலையும் படிக்கிறேன்.
இவன் சொல்லும் குதிரைகள்
எந்த ஊர்க் காற்றைக் குடித்தவை?
பனி பெய்யும் தேசத்தில் எடுத்த எண்
மே மாதம் வேலூரில் வந்திறங்கினால்
நாக்குத் தள்ளிப் படுத்துவிடும்.

நாற்பத்திமூன்று டிகிரி.
மலையிலிருந்து வரும் காற்று
பாறை பாறையாகத் தொட்டுவிட்டு வருகிறது.
அதை டர்போ இன்னும் நசுக்கித் தள்ளினால்
பொறிக்கு முன்னாலேயே உள்ளே தீ.
டக். டக்டக்.
பூட்டின வீட்டுக்குள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல்,
பிஸ்டன் உடைகிறவரை.

அதனால் முதலில் இன்டர்கூலர்,
பம்பரை அறுத்தாவது பெரிதாக.
பிறகு ராடுகள்.
பிறகு ஃபோர்ஜ்டு பிஸ்டன்,
குளிரில் கொஞ்சம் லொடலொடக்குமாம்,
லொடலொடக்கட்டும், இங்கே குளிர் எத்தனை நாள்?
டர்போ நாலாவது வரியில்,
பழையதைவிட ஒரு சுற்று பெரிது, அவ்வளவுதான்.

ஜுனைத் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே,
"அப்ப எவ்ளோதான் வரும்?"
"இருநூத்திப் பத்து. ஏலகிரி ஏறினா
பதினாலு வளைவிலயும் வரும்."
"பேப்பர்ல நல்லாயிருக்காதுக்கா."
"இருக்காதுதான்."

சீட்டைத் தள்ளி எடுத்ததில் பதினோராயிரம் போயிற்று.
ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கலாம் என்று
செல்வின் ஒரு நாளும் சொன்னதில்லை.
பழைய ஃப்ரிட்ஜ்தான்
ராத்திரியெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஏகாம்பரம்
பிளாக்கை அரை மில்லிமீட்டர் குடைந்து கொடுத்தார்.
சிலிண்டர் சுவரில் குறுக்கும் மறுக்கும் கோடு,
குடியாத்தம் லுங்கிக் கட்டத்தைச்
சாய்த்துப் பிடித்ததுபோல்.
விரலால் தடவப் போனேன்.
"கையில உப்பும்மா, துருப்பிடிச்சுக்கும்" என்றார்.

இன்றைக்கு ரிங்.
சிலிண்டருக்குள் இறக்கி, பிஸ்டனைக் கவிழ்த்து அழுத்தி நேராக்கி,
வாய்ப்பிளவில் ஃபீலர் இதழை நுழைக்கிறேன்.
சூடேறினால் ரிங் விரியும்.
விரிய இடமில்லையென்றால்
முனையும் முனையும் முட்டிக்கொண்டு
பிஸ்டனின் தலையையே பிய்த்தெடுக்கும்.
இந்த இடைவெளி எந்த விளம்பரத்திலும் இல்லை,
இதற்கு விலையும் கிடையாது.

வேண்டியது 0.45.
இருப்பது 0.40.
ஜுனைத் விளக்கைக் கிட்டே கொண்டுவருகிறான்.
அரத்தில் இரண்டு இழுப்பு, உள்பக்கமாக மட்டும்.
துடைத்து, இறக்கி, அளந்தால்

0.42.